எதற்கெடுத்தாலும் ஃபார்மட்

வீட்டுக் கணினி அடிக்கடி ஹேங் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஃபார்மட் அடிச்சுடுங்க.” கடைக்காரர் சொல்கிறார். பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். அலுவலகத்தில் ‘சிஸ்டம் தெரிந்தவர்’ என்று பெயர் வாங்கியவரும் அதையேதான் சொல்கிறார். எப்போது நிற்கிறது, என்ன செய்யும்போது நிற்கிறது என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுவதும் கிடையாது. இந்தப் பதில் தவறு. அவ்வப்போது பலிக்கிற தவறு என்பதால்தான் இத்தனை வருடமாகத் தாக்குப்பிடிக்கிறது.

அந்தத் தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். வீட்டுக் கணினிகளில் குப்பை சேர்வது உண்மை. கண்ட இடத்தில் இறக்கிய மென்பொருள், ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ், பாதியில் நின்ற அப்டேட், பொருந்தாத டிரைவர் எல்லாம் சேர்ந்து விண்டோஸைத் திணறடிக்கும். ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய்விடும். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. விட்டு விட்டு வரும் கோளாறு கடையில் வைத்துப் பார்க்கும்போது வராமல் போக்குக் காட்டும். வாடிக்கையாளரோ சாயங்காலமே திருப்பிக் கேட்கிறார். பெரிய நிறுவனங்களின் ஐடி பிரிவுகளே ஊழியரின் லேப்டாப்பை நோண்டாமல் புது இமேஜ் ஏற்றிக் கொடுத்துவிடுகின்றன. அவர்களுக்கு இல்லாத வெட்கம் தெருமுனைக் கடைக்கு எதற்கு? வாதம் வலுவானதாகத்தான் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டும் ஆடுகிறது.

1. எது நிற்கிறது என்று கேட்டீர்களா?

ஹேங் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கைந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசைவில்லை, கேபினெட்டின் முன்னால் உள்ள டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால், விண்டோஸ் டிஸ்கிடம் எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. அம்பும் நின்றுவிட்டதா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம் போக வேண்டும். விண்டோஸ் கீயோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை மினுக்கிவிட்டு உயிர் பெற்றால் ஆள் அகப்பட்டான். கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, பாட்டு ஒரே ஸ்வரத்தில் ‘ர்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றால், ராம், பிராசஸர், மதர்போர்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் என்று வன்பொருள் வரிசையில்தான் முதலில் தேட வேண்டும்.

இதற்கெல்லாம் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். இதைக்கூடக் கேட்காமல் ‘ஃபார்மட்’ என்று சொல்பவர் கணினியைப் பற்றி எந்த முடிவுக்கும் வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையின் பெயரைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

2. “போன தடவை ஃபார்மட் அடிச்சதும் சரியாச்சே?”

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அந்த நம்பிக்கை முழுவதும் நிற்கிறது. எனவே இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரியானது உண்மை. ஏன் சரியானது?

ஹார்ட் டிஸ்கில் ஒரு செக்டார் பழுதாகத் தொடங்கினால், அதைப் படிக்கச் சொல்லும்போது டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். பல வினாடிகள், சில சமயம் அதற்கும் மேல். அவ்வளவு நேரமும் விண்டோஸ் கைகட்டி நிற்கும். நாம் ஹேங் என்போம். அந்தச் செக்டாரை ‘பெண்டிங்’ என்று டிஸ்க் தன் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். படிக்கும்போது அதை மாற்றிவிட முடியாது. மாற்றினால் அங்கே இருக்கும் தகவல் போய்விடும். அதே இடத்தில் புதிதாக எதையாவது எழுதச் சொன்னால்தான் டிஸ்க் அதைச் சோதித்து, தேறாது என்றால் ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் உள்ள மாற்றுச் செக்டாரை அந்த இடத்துக்குக் கொண்டுவரும்.

ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி ஏற்றும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. பழுதான இடத்தின்மேல் புதுக் கோப்பு எழுதப்பட்டு அந்தச் செக்டார் ஒதுக்கப்படுகிறது. அல்லது, குவிக் ஃபார்மட் என்றால், அந்த இடம் தொடப்படாமல் காலி இடத்தின் நடுவில் பதுங்கிக் கிடக்கிறது. எப்படியானாலும் கணினி அன்றைக்கு நன்றாக ஓடும். கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். டிஸ்கின் பழுது அப்படியே வளரும். சில வாரங்களில் புகைப்படங்களும் வீடியோக்களும் சேர்ந்து அந்தப் பக்கம் நிரம்பும்போது கணினி மறுபடி நிற்கும். ‘விண்டோஸ்னா அப்படித்தாங்க, வருஷத்துக்கு ஒருதடவை ஃபார்மட் அடிக்கணும்’ என்ற தத்துவம் இப்படிப் பிறந்ததுதான்.

கூகுள் தன் தரவு மையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஸ்கேனில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கைப்போல 39 மடங்கு என்று அதில் கண்டார்கள். ஃபார்மட் அடித்து ‘சரியான’ டிஸ்கை நம்பிக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை அதில் போடுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கைக் குறிகள் எதையும் முன்கூட்டிக் காட்டவே இல்லை. டிஸ்கின் உடல்நிலைச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக அதை விடுதலை செய்துவிட முடியாது. தேறவில்லை என்றால் தண்டனை உறுதி.

தஞ்சாவூரில் என் உறவினர் வீட்டுக் கணினியின் கதை இதையும் தாண்டியது. ஃபார்மட் அடிப்பதும், சில நாள் ஓடுவதும், டாலி திறந்து கணக்கு எழுதும்போது நிற்பதுமாகப் பலமுறை கடைக்குப் போய் வந்தது. கடைசியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். 05, சி5, சி6 என்ற வரிசைகள் பழுதான செக்டார்களைக் காட்டுபவை, மூன்றிலும் பூஜ்யம். டிஸ்கில் குறையே இல்லை. ஆனால் சி7 என்ற வரிசையில் பெரிய எண் ஒன்று நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடியது. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் போகும் வழியில் பிழை நேர்ந்தால் ஏறும் கணக்கு அது. மூடியைக் கழற்றினால் சாட்டா கேபிள் மூலையில் நான்காய் மடிந்து, கேபினெட் தகட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. புதுக் கேபிள் ஒன்று மாட்டியதும் அந்த எண் அதே இடத்தில் நின்றுவிட்டது. ஃபார்மட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பை நிறையக் கேபிள் வாங்கியிருக்கலாம்.

3. ஃபார்மட் எட்டாத இடத்தில் குற்றவாளி இருந்தால்?

ஃபார்மட் தொடுவது டிஸ்கில் உள்ள தகவலை மட்டும். கணினியில் அது தொடாத இடங்கள்தான் அதிகம். ஊகமாகச் சொல்லவில்லை, ஊரறிந்த வழக்குகளே இருக்கின்றன.

குரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி ஒரு காலத்தில் நன்றாக விற்றது. அதன் உள்ளே இருந்த ஃபர்ம்வேரில் ஒரு பிழை. மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் டிஸ்க் பதில் சொல்வதை நிறுத்திவிடும். கணக்குப் போட்டால் இடைவிடாத 216 நாட்கள். ரீஸ்டார்ட் செய்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் 0309 என்ற புது ஃபர்ம்வேர் வந்த பிறகுதான் தீர்ந்தது. அந்த டிஸ்கில் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்றிருக்கும். ஓடிய மணிக்கணக்கு ஃபார்மட்டில் அழியாது.

ஏஎம்டி 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது இன்னொன்று. ரைசன் பிராசஸர் உள்ள சில கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம் மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்போடு பேசும்போது முழுக் கணினியும் விட்டு விட்டு உறைந்தது. மருந்து பயாஸ் அப்டேட். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஒரு பகுதி, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டது 2024-இல் வெளியே வந்தது. கம்பெனி மைக்ரோகோடு திருத்தம் கொடுத்தது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போனதைத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் ஆகவேண்டும். இப்படி ஒரு கணினி நம்மூர்க் கடைக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஃபார்மட். அதிலும் சரியாகவில்லையா, ‘வேற ஓஎஸ் போட்டுப் பாக்கலாம்’. அதற்குள் உத்தரவாதக் காலம் கழிந்திருக்கும்.

ராமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் 2009-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தன் சர்வர்களில் இருந்த ராம் பட்டைகளில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஓராண்டுக்குள் பிழை காட்டியதாகச் சொன்னது. சர்வர் ராமில் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் கிடையாது. பிழை வந்தால் வந்ததுதான். ராமைக் கழற்றி, தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகும் நம்மூர்ப் பழக்கம் இருக்கிறதே, அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். கண்மூடித்தனமான ஃபார்மட்டைவிட அது ஆயிரம் மடங்கு அறிவுள்ள காரியம். அழுக்குப் பிடித்த தொடுமுனை ஒரு காரணம் என்று யோசித்துச் செய்வது அது.

எஸ்எம்பிஎஸ் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் குறையாமலும் 12.6-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. வேலை நடக்கும்போது ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் வண்டவாளம் தெரிந்துவிடும். ஃபேன் நிறையத் தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும், நம்மூர் மே மாத வெயிலும் தெரிந்த கதை.

4. “அது எல்லாம் சரி, சாஃப்ட்வேர் கோளாறுன்னா ஃபார்மட்தானே?”

அங்கும் இல்லை. விண்டோஸ் 95, 98 இரண்டிலும், இடைவிடாமல் 49.7 நாட்கள் ஓடினால் கணினி நின்றுபோகும் பிழை இருந்தது. மில்லி வினாடிகளை எண்ணும் 32 பிட் எண் நிரம்பி வழிவதால் வந்த வினை. சுத்தமான மென்பொருள் பிழை. அதே விண்டோஸை அதே சிடியிலிருந்து மறுபடி ஏற்றினால் அதே பிழையும் ஏறும். இன்றைக்கும் இதே தர்க்கம்தான். கோளாறு வைஃபை டிரைவரின் ஒரு பதிப்பில் இருக்கிறது என்றால், ஃபார்மட் அடித்த அன்று இரவே விண்டோஸ் அப்டேட் அந்தப் பதிப்பைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.

2024 ஜூலை 19-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான கோப்பால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத் தீர்வாகச் சொல்லப்பட்டது என்ன? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிப்பது. எந்தக் கோப்பு என்று தெரிந்துகொள்ளும் வேலையை யாரோ ஒருவர் செய்ததால், 85 லட்சம் டிஸ்க்குகளைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

5. தடயத்தை அழித்துவிட்டு யாரைத் தேடுவீர்கள்?

விண்டோஸ் நாட்குறிப்பு எழுதுகிறது. ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் என்ற பகுதியில், கணினி நின்ற நேரத்துக்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். டிஸ்க் என்ற பெயரில் எண் 7 வந்தால் பழுதான செக்டார். 129, 153 என்றால் டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. டபிள்யூஎச்இஏ என்று இருந்தால் பிராசஸரோ மதர்போர்டோ முறையிடுகிறது. 41 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் அதையே காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 விழும். ‘ஒழுங்காக அணைக்கப்படவில்லை’ என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. நின்ற நேரத்தில் குறிப்பே எதுவும் இல்லை என்றால் அதுவும் பயனுள்ள செய்திதான்: எழுதக்கூட அவகாசம் இல்லாமல் நின்றிருக்கிறது, வன்பொருள் மேல் சந்தேகம் கூடுகிறது. ஈவன்ட் வியூவர் மிரட்டலாக இருக்கிறதா? ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். எந்தத் தேதியில் சிவப்புக் குறிகள் தொடங்கின, அதற்கு முந்தைய நாள் என்ன நிறுவினீர்கள் என்பதைச் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும்.

இத்தனையும் சி டிரைவில் இருக்கிறது. ஃபார்மட் அடித்த நொடியில் இத்தனையும் போகிறது. கோளாறு மறுபடி வரும்போது முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதையும் யாரும் தொடங்குவதில்லை, அடுத்த ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

6. போவது கடைக்காரருடையது அல்ல.

‘பேக்கப் எடுத்துட்டீங்களா?’ என்று கேட்பார்கள். டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள் சி டிரைவில்தான் இருக்கின்றன என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாலி கணக்கு, பட்டாவின் ஸ்கேன், இறந்துபோனவர் பேசிய வீடியோ எல்லாம் அங்கேதான். பழைய ஹார்ட் டிஸ்கில் குவிக் ஃபார்மட் அடித்தாலாவது மீட்பு மென்பொருளால் ஓரளவு எடுக்கலாம். எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. ஃபார்மட் அடித்ததும் ‘இந்த இடங்கள் இனி தேவையில்லை’ என்று டிரிம் கட்டளை போகிறது, டிஸ்க் தானாகவே அவற்றைத் துடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க அலைந்தாலும் பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

திரும்ப ஏற்றப்படுவது என்ன என்பதையும் கேட்க வேண்டும். பல கடைகளில் கைவசம் இருக்கும் பென் டிரைவ் விண்டோஸ்தான் ஏறுகிறது. ஆக்டிவேட்டர் என்ற பெயரில் ஏதோ ஒரு நிரலும் கூடவே ஏறுகிறது. அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காக விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டரை நிறுத்திவைக்கிறார்கள். வைரஸ் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் கொண்டுபோன கணினி காவலாளி இல்லாமல் வீடு திரும்புகிறது.

பெரிய நிறுவனங்களின் உதாரணத்துக்கு வருவோம். அவர்கள் இமேஜ் மாற்றுவது உண்மைதான். ஊழியரின் கோப்புகள் சர்வரில் இருக்கின்றன, கையில் மாற்று லேப்டாப் இருக்கிறது, வன்பொருளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. மறுபடி நின்றால் அந்தக் கணினியையே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கொடுப்பார்கள். இதில் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு அந்த முறையை மட்டும் இறக்குமதி செய்வது எந்த ஊர் நியாயம்?

நேரம் இல்லை என்ற வாதமும் நிற்காது. ஒரு பென் டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, ஒரு மணி நேரம் யூடியூப் ஓட விடுங்கள். அங்கேயும் நின்றால் விண்டோஸ் நிரபராதி; ஃபார்மட் பேச்சுக்கே இடமில்லை. நிற்கவில்லை என்றால் டிஸ்க்கோ விண்டோஸோ, இரண்டில் ஒன்று பெரும்பாலும். டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்க இன்னும் ஐந்து நிமிடம். ஃபார்மட் அடித்து, டிரைவர் தேடி, ஆபீஸ் போட்டு, தமிழ் எழுத்துரு ஏற்றி, பிரின்டரைத் திரும்ப இணைப்பதற்குள் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்து முடிக்கலாம். கடைக்காரர் கூடவே உட்கார வேண்டியதும் இல்லை. ஓட விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஃபார்மட் பலிக்காதபோது வரும் அடுத்த தீர்ப்பு, ‘பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க.’ 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதிலிருந்து இதன் சத்தம் கூடியிருக்கிறது. ஆதரவு முடிந்தால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அது வேறு கவலை. அந்தத் தேதி தாண்டியதால் எந்தக் கணினியும் ஹேங் ஆவதில்லை.

ஃபார்மட் அடிக்கவே கூடாது என்பதில்லை. வைரஸ் உள்ளே ஆழமாகப் புகுந்து, எதை நம்புவது என்றே தெரியாத நிலையில் அதுதான் சரியான வழி. புது டிஸ்க் மாட்டும்போது தேவை. விற்பதற்கு முன் கட்டாயம். எல்லாச் சோதனையும் முடிந்து, வன்பொருள் குற்றமற்றது என்று தெரிந்து, டிரைவர்களையும் மாற்றிப் பார்த்த பிறகும் நின்றால், தாராளமாக அடியுங்கள். கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் கணினியைப் பார்த்த உடனே ‘ஃபார்மட் அடிச்சுடலாம்’ என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். டிஸ்கின் உடல்நிலையை என் கண் முன்னால் திறந்து காட்டுவீர்களா? நின்ற நேரத்தில் ஈவன்ட் வியூவரில் என்ன பதிவாகியிருக்கிறது? ஃபார்மட்டுக்குப் பிறகும் நின்றால் அடுத்து எதைப் பார்ப்பீர்கள்? பதில் சொல்பவரிடம் கணினியை நம்பி விடுங்கள். மற்றவரிடமிருந்து கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.